கதவு தட்டுதல்

வெள்ளவத்தை ஹம்டன் லேனில்
மருந்துக்கடைக்கு மேல் என் அறை.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
கல்யாணக் காட், அந்தியேட்டி மலர்.
மூன்று கிழமையாய்
ஓக்ஃபெர்ன் தெற்குத் தொகுதி, கனடா.

நான் காணாத ஊர்.
வரைபடத்தில் நாலு பெரிய றோட்டுக்கு நடுவே
வெட்டிவைத்த தொதல் துண்டு மாதிரி.
வீட்டுக்கு இரண்டு கார்.
முப்பது வருடமாய் நீலம்தான் வெல்லுமாம்.
இப்போது ஏழாயிரம் தமிழ் வாக்கு வந்துவிட்டதால்
தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம்,
அதுவும் மலிவாய், அதனால் கொழும்பில்.

நீலத்துக்குச் சத்தியரூபன் அனுப்புவான்.
சிவப்புக்கு மிருணாளினி.
மற்றவரும் என் வாடிக்கை என்று இருவருக்கும் தெரியாது.
வரியைக் குறைப்போம், என்கிறது நீலம்.
வீட்டு விலையைக் குறைப்போம், என்கிறது சிவப்பு.
குறைப்பதற்கு ஏதோ இருக்கிற ஊர்.

'காமன் சென்ஸ்' என்பதற்குப்
'பொது அறிவு' போடச் சொன்னான் சத்தியரூபன்.
அது பள்ளிக்கூடச் சோதினை, தம்பி,
எந்த நாட்டுக்கு எது தலைநகர் என்று கேட்பது.
'சாதாரண புத்தி' என்றேன்.
சனத்தைக் குறைத்துச் சொல்வதுபோல் இருக்காம்.
கடைசியில் வரியையே எடுத்தோம்.
புத்தி இல்லாமலே போனது பிரசுரம்.

பிறகு இந்த வசனம்:
'உங்கள் கதவைத் தட்டுவோம்.'
இரண்டு பேரும் ஒரே கிழமையில் அனுப்பியிருந்தார்கள்.
அடித்தேன். கை நின்றுவிட்டது.

சண்டைக்காலம், விடியப்புறம்,
லொட்ஜின் மூன்றாம் மாடியில்
எங்கள் கதவைத் தட்டினார்கள்.
அடையாள அட்டை. பொலிஸ் பதிவு.
ஏன் வந்தாய், எப்போது போவாய்.
கீழே ஒரு பஸ், இயந்திரம் நிற்பாட்டாமல்.
செருப்பில் ஒன்றுதான் அகப்பட்டது எனக்கு.

இதை வாசிக்கப்போகிற யாரோ
அதே மாடியில் நின்றிருக்கலாம்.
'உங்கள் வாசலுக்கு வருவோம்' என்று மாற்றினேன்,
இரண்டு நிறத்துக்கும்.

மிருணாளினி கவனிக்கவில்லை.
சத்தியரூபன் இரவு பதினொன்றுக்கு எடுத்தான்:
"அக்கா, இங்க தட்டுறதுதான்.
தட்டி, சிரிச்சு, புல்லுக்குள்ள ஒரு போர்ட் நடலாமோ எண்டு கேட்டு,
ஓமெண்டா நட்டுப்போட்டு
இல்லையெண்டா தாங்ஸ் சொல்லிப்போட்டுப் போறது."
இல்லையெண்டாலுமோ?
"இல்லையெண்டாலும்."
கொஞ்சம் பொறுத்து,
"எனக்கும் முதல் வருசம் கை எழும்பேல்லை, அக்கா."

நீலத்தில் 'தட்டுவோம்' என்றே போனது.
சிவப்பில் வாசல்.

அங்கே வாக்களிப்பு முடிய எங்களுக்குக் காலை ஏழு.
கீழே ஷட்டர் ஏறுகிற சத்தம்.
கடற்கரை ரயில் படியெல்லாம் ஆளோடு
கோட்டைக்குப் போகிறது.
பென்சிலால் புள்ளடி போடுவார்களாம்.
விரலுக்கு மை இல்லையாம்.
யாரை நம்பி, என்று நினைத்தேன்.
போன தேர்தல் ஊதா
என் சின்னவிரல் நகத்தில்
வெட்ட வெட்ட இரண்டு மாதம் கிடந்தது.

நீலம்தான் வென்றது.
வழமையாய்ப் பதினையாயிரம்,
இந்தமுறை நானூற்றுப் பதினொன்று.
தோற்ற கட்சி கிழமைக்குள் காசு போட்டது.
வென்றவனுடையது இன்னும் வரவில்லை.

நேற்று மத்தியானம் என் கதவு தட்டுப்பட்டது.
ஃபானை நிற்பாட்டினேன்.
மூச்சையும்.
மூன்றாம் தட்டுக்குப் பிறகுதான் எழும்பினேன்.
வியர்த்துப்போன ஒரு பொடியன்,
மாநகரசபைக்கு நிற்கிற யாருக்கோ நோட்டீஸ் கொடுக்கிறான்.
வாங்கிப் பார்த்தேன்.
மூன்று எழுத்துப்பிழை.
உள்ளே வா தம்பி, என்றேன்,
இதை ஆர் அடிச்சது?